கைக்குழந்தையோடு வெளியே கிளம்பும் அம்மாக்களுக்கு: பஸ்ஸிலும் பொது இடத்திலும் தாய்ப்பால் கொடுக்க ஒரு வழிகாட்டி

பிரசவம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, வெளி வேலைகள் வரிசை கட்டி வந்துவிடும். ஒன்றரை மாதத் தடுப்பூசி, பிறப்புச் சான்றிதழ், வங்கி, தவிர்க்க முடியாத ஒரு கல்யாணம், அம்மா வீட்டிலிருந்து மாமியார் வீட்டுக்குப் பஸ் பயணம். "வழியில் பசிச்சா எப்படிப் பால் கொடுப்பது?" என்ற பயத்தில் பலர் பவுடர் பால் டப்பாவையும் புட்டியையும் பையில் போட்டுக்கொள்கிறார்கள். புட்டியைக் கொதிக்க வைக்க வேண்டும், நல்ல வெந்நீர் வேண்டும், கலக்கிய பால் மீந்தால் கொட்ட வேண்டும். அதோடு, குழந்தை உறிஞ்சாத ஒவ்வொரு வேளையும் பால் சுரப்பைக் குறைக்கும். தாய்ப்பாலுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. கொஞ்சம் பழக்கமும் சரியான ஜாக்கெட்டும் இருந்தால் பஸ் ஸ்டாண்ட் பெஞ்சிலேயே கொடுத்துவிடலாம்.

கீழே இருப்பது தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்து எழுதியது. விலைகள் கடைக்குக் கடை மாறும்.

1. முதலில் வீட்டிலேயே பழகுங்கள்

வெளியே தடுமாறுவதற்கு முக்கியக் காரணம் கூச்சம் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் காரணம் அதுவல்ல, குழந்தை சரியாக மார்பைப் பிடிக்காததுதான். வீட்டில் நான்கு தலையணையை அண்டக் கொடுத்துக் கால் நீட்டி உட்கார்ந்து கொடுத்த பழக்கத்தோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் குழந்தை வழுக்கும், காம்பை மட்டும் கவ்வும், வலிக்கும், பால் வராமல் அழும். அழுதால்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

அதனால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே, தலையணை இல்லாமல், சாதாரண நாற்காலியில், வெளியே போட்டுக்கொள்ளப் போகும் அதே உடையில் கொடுத்துப் பழகுங்கள். கண்ணாடி முன் உட்கார்ந்து பார்த்தால் உண்மையில் எவ்வளவு கொஞ்சம்தான் தெரிகிறது என்று புரியும். பாதிப் பயம் அங்கேயே போய்விடும்.

பிடிப்பு சரியா என்று பார்க்க: குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றை ஒட்டி இருக்க வேண்டும். காது, தோள், இடுப்பு ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். முதலில் காம்பு குழந்தையின் மூக்குக்கு நேரே இருக்கட்டும். அது வாயை அகலத் திறக்கும் நொடியில் குழந்தையை மார்புக்குக் கொண்டுவாருங்கள். மார்பைக் குழந்தையிடம் குனிந்து கொண்டுபோனால் முதுகு போய்விடும். தாடை மார்பில் பதிந்து, கீழ் உதடு வெளியே மடிந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் தெரிந்தால் பிடிப்பு சரி. முதல் சில நொடிகளுக்கு மேல் வலி நீடித்தால், சுண்டு விரலை வாயோரத்தில் நுழைத்துக் காற்றை விடுவித்து, எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். வெடுக்கென்று இழுத்தால் காம்பில் வெடிப்பு விழும்.

சிசேரியன் ஆனவர்கள் அக்குள் பிடியையும் கற்றுக்கொள்ளுங்கள். குழந்தையின் உடல் உங்கள் கைக்கடியில், கால்கள் முதுகுப் பக்கம், தலை உங்கள் உள்ளங்கையில். தையல் மேல் பாரம் வராது. ஆனால் பக்கத்து சீட்டில் ஆள் இருந்தால் இந்தப் பிடிக்கு இடம் போதாது. கார்னர் சீட், பெஞ்சின் ஓரம் என்றால் சரி.

2. உடை: ஜாக்கெட்டில்தான் எல்லாம் இருக்கிறது

புடவைதான் மிகச் சுலபம். முன்பக்கம் கொக்கி வைத்த ஜாக்கெட்டில் கீழிருந்து இரண்டு, மூன்று கொக்கிகளை மட்டும் கழற்றி, ஜாக்கெட்டை மேலே தூக்குங்கள். மேலிருந்து கழற்றினால் தோள், மார்பு எல்லாம் திறந்துவிடும். முந்தானை இடது தோளில் இருப்பதால் இடது பக்கம் கொடுப்பது தானாகவே மறைந்துவிடும். வலது பக்கம் கொடுக்கும்போது முந்தானை நுனியை முதுகைச் சுற்றி வலது தோளுக்கு மேலாக முன்னே இழுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே மூன்று இடத்தில் மாட்டிக்கொள்வோம்:

மடிப்பு மடிப்பாக வைத்து இறுக்கி ஊக்குக் குத்திய முந்தானை விரியாது. வெளியே போகும் நாளில் மடிப்பு வைக்காமல் ஒற்றையாக விட்டு, தோளில் ஒரே ஒரு ஊக்கு.

பின்பக்கக் கொக்கி அல்லது ஜிப் வைத்த கல்யாண ஜாக்கெட். மண்டபத்தில் குழந்தை வீறிடும்போது முதுகுக் கொக்கியைக் கழற்ற ஆள் தேட வேண்டியிருக்கும். பிரின்சஸ் கட் தைக்கக் கொடுத்தால் டெய்லர்கள் பெரும்பாலும் பின்பக்கம்தான் கொக்கி வைப்பார்கள். "முன் கொக்கி வேணும், கைக்குழந்தை இருக்கு" என்று அளவு கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, தாலிக்கொடியில் மாட்டி வைக்கிற ஊக்குகள். பால் குடிக்கிற குழந்தையின் கன்னத்துக்கு நேரே அவை தொங்கும். கிளம்பும் முன் எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, கொடியை முதுகுப் பக்கம் தள்ளிவிடுங்கள். கல் வைத்த மோதிரம், கூர்முனை வளையலும் வேண்டாம்.

சுடிதார் என்றால் ஒரே நீளத் துணியாக முன்திறப்பு இல்லாமல் வரும் அனார்கலி வகை உதவாது. இரண்டு பக்கமும் மறை ஜிப் வைத்த ஃபீடிங் குர்த்தி 500 முதல் 1200 ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஜிப் துணியின் நிறத்திலேயே இருக்கிறதா, மடிப்புக்குள் மறைகிறதா என்று பார்த்து வாங்குங்கள். புதிதாக வாங்க வேண்டாம் என்றால், உள்ளே கழுத்து இறங்கிய பனியன், மேலே தளர்வான குட்டை டாப்ஸ். டாப்ஸை மேலே தூக்கி, பனியனைக் கீழே இறக்கினால் வயிறும் தெரியாது, மார்பும் தெரியாது. மேலே துப்பட்டா.

ஃபீடிங் பிராவில் கப்பைத் திறக்கிற கிளிப்பை ஒரே கையால் கழற்றி மாட்ட முடிகிறதா என்பதுதான் கேள்வி. இன்னொரு கையில் குழந்தை இருக்கும். கம்பி வைத்தது வேண்டாம், பால் கட்டும்.

3. பையில் என்ன வேண்டும், என்ன வேண்டாம்

மெல்லிய மல்மல் துணி இரண்டு, டயப்பர் அல்லது லங்கோடு நான்கு, குழந்தைக்கு மாற்றுடை இரண்டு, உங்களுக்கு மாற்று ஜாக்கெட் அல்லது டாப்ஸ் ஒன்று, மார்பில் வைக்கும் பருத்தி பேட் இரண்டு ஜோடி, அழுக்குத் துணிக்கு பிளாஸ்டிக் கவர், ஒரு லிட்டர் தண்ணீர், கடலை மிட்டாயோ வாழைப்பழமோ. மாற்று டாப்ஸைப் பெரும்பாலும் மறந்துவிடுவோம். பக்கத்தில் வேறு குழந்தை அழுதால்கூடப் பால் கசிந்து முன்பக்கம் நனைந்துவிடும். அப்படிக் கசியும்போது கைகளைக் கட்டிக்கொள்வதுபோல முன்னங்கையால் மார்பை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும்.

ஆவணங்களில் தாய் சேய் நல அட்டை எப்போதும் பையிலேயே இருக்கட்டும். ஊரில் இல்லாத நேரத்தில் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால், எடை, போட்ட தடுப்பூசி எல்லாம் அதில்தான் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழின் நகல் ஒன்று, விமானம் என்றால் கட்டாயம்.

வேண்டாதவை: கிரைப் வாட்டர், குழந்தைக்குத் தண்ணீர் பாட்டில், குளுக்கோஸ். ஆறு மாதம் முடியும்வரை எந்த வெயிலிலும் குழந்தைக்குத் தனியாகத் தண்ணீர் தேவையில்லை. தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். தாகம் எடுத்தால் அடிக்கடி குடிக்கும், அவ்வளவுதான். தண்ணீர் குடிக்க வேண்டியது நீங்கள்.

4. நேரக் கணக்கு

முதல் மாதங்களில் குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை குடிக்கும். ஒரு தடவை குடிக்க ஆரம்பித்ததிலிருந்து அடுத்த தடவை ஆரம்பிக்க இரண்டு, இரண்டரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கவே அரைமணி ஆகும் என்றால் உங்கள் கையில் இருப்பது ஒன்றரை மணி நேரம்தான். ஆட்டோ வந்து நிற்கும்போது அவசர அவசரமாகக் கொடுக்காமல், கிளம்புவதற்கு முக்கால் மணி முன்பே ஆரம்பித்து, வயிறாரக் கொடுத்து, தோளில் போட்டு ஏப்பம் எடுத்து, துணி மாற்றிக் கிளம்புங்கள்.

வெளியே இருக்கும்போது கடிகாரத்தைவிடக் குழந்தையைப் பாருங்கள். உதட்டைச் சப்புவது, கையை வாய்க்குக் கொண்டுபோவது, தலையை இரண்டு பக்கமும் திருப்பித் தேடுவது, இவைதான் பசியின் முதல் அடையாளங்கள். அழுகை கடைசி. அழ ஆரம்பித்த குழந்தை மார்பைப் பிடிக்காது, முதலில் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும். கை வாய்க்குப் போனதுமே இடம் பார்த்து உட்கார்ந்துவிட்டால், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாமல் வேலை முடியும்.

5. ஒத்திகைக்கு ஏற்ற நாள்: ஒன்றரை மாதத் தடுப்பூசி

ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமை தடுப்பூசி நாள். ஒன்றரை மாத ஊசிக்குப் போகும்போது சுற்றிலும் உங்களைப் போன்ற அம்மாக்கள்தான் இருப்பார்கள். முதன்முதலாக வெளியே கொடுத்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஊசி போடும் நேரத்திலேயே மார்பில் போட்டுக்கொண்டிருந்தால் குழந்தைக்கு வலி குறையும். ஒரு தொடையைத் திறந்து வைத்து, பால் குடிக்க விட்டு, செவிலியரிடம் "குடிச்சுக்கிட்டு இருக்கும்போதே போடுங்க சிஸ்டர்" என்று கேளுங்கள். கூட்டம் இருந்தால் மறுக்கலாம். அப்போது போட்ட உடனே கொடுங்கள். போலியோ, ரோட்டா சொட்டு மருந்துக்குப் பிறகு அரைமணி பால் கொடுக்கக் கூடாது என்று வரிசையில் யாராவது சொல்வார்கள். அப்படி இடைவெளி விட வேண்டியதில்லை.

6. எங்கே உட்காருவது

2015 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு பேருந்து நிலையங்களில் 350க்கும் மேற்பட்ட பாலூட்டும் அறைகளைத் திறந்தது. பெரிய பேருந்து நிலையங்களில் "தாய்மார்கள் பாலூட்டும் அறை" என்ற பலகையைத் தேடுங்கள். கட்டணம் கிடையாது. யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். சில ஊர்களில் அறை பூட்டியிருக்கும், அல்லது துடைப்பமும் வாளியும் குவிந்திருக்கும். பூட்டியிருந்தால் நேரக்காப்பாளர் அறையில் சாவி கேளுங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். உள்ளே போனதும் தாழ்ப்பாள் இருக்கிறதா, ஜன்னல் மூடியிருக்கிறதா, மேலே கேமரா இருக்கிறதா என்று ஒரு பார்வை. மின்விசிறி ஓடாமல் புழுங்கினால் வெளியே காற்றாடும் பெஞ்சே மேல்.

கழிப்பறைக்குள் போய்க் கொடுக்காதீர்கள். அங்கே நீங்கள் சாப்பிட மாட்டீர்கள், குழந்தையும் சாப்பிட வேண்டாம்.

துணிக்கடைகளில் பெண்கள் பிரிவின் உடை மாற்றும் அறையைக் கேட்டால் கொடுப்பார்கள், ஸ்டூலும் போட்டுத் தருவார்கள். கல்யாண மண்டபத்தில் மணமகள் அறைதான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் முகூர்த்தத்துக்கு முன் அங்கே உட்கார இடமிருக்காது. சாப்பாட்டுப் பந்திக்கு மேல்மாடியில் இருக்கும் தங்கும் அறை அமைதியாக இருக்கும். நாதஸ்வரமும் ஒலிபெருக்கியும் உச்சத்தில் இருக்கும்போது குழந்தை குடிக்காது, அதனால் கெட்டிமேளத்துக்கு அரைமணி முன்பே கொடுத்துவிடுங்கள். வங்கி, தாலுகா ஆபீஸ் போன்ற இடங்களில் சுவரைப் பார்த்த மூலை நாற்காலி போதும். முதுகைக் கூட்டத்துக்குக் காட்டி உட்கார்ந்து, குழந்தை பிடித்த பிறகு திரும்பிக்கொள்ளலாம். பிடிக்கும் அந்தப் பத்து நொடிதான் மறைப்பு தேவைப்படும் நேரம்.

7. பஸ், ரயில், கார், விமானம்

பஸ்ஸில் நடுப்பகுதி ஜன்னல் சீட். கடைசி வரிசையும் பின்சக்கரத்துக்கு மேல் உள்ள சீட்டும் தூக்கிப் போடும். குழந்தையின் தலை ஜன்னல் பக்கம் இருந்தால் நடைபாதையில் போகிறவர்களின் பை இடிக்காது. ஆனால் முன்சீட்டுக் கம்பிக்கும் தலைக்கும் நடுவில் உங்கள் கை கட்டாயம் இருக்க வேண்டும், பிரேக் போட்டால் முதலில் மோதுவது அங்கேதான். பக்கத்தில் ஆண் உட்கார்ந்திருந்தால் கண்டக்டரிடம் "அண்ணே, கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கணும், ஒரு லேடீஸ் பக்கத்துல சீட் மாத்தி விடுங்க" என்று நேராகச் சொல்லுங்கள். சுற்றி வளைத்தால் அவருக்குப் புரியாது. பக்கத்து சீட்டு அக்காவிடம் முந்தானை நுனியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் மறுக்க மாட்டார்கள். நின்றுகொண்டு ஒருபோதும் கொடுக்காதீர்கள். மோட்டலில் நிறுத்தும்போது எத்தனை நிமிடம் என்று கேட்டுவிட்டு, கழிப்பறைக்கு நீங்கள் முதலில் போய்வாருங்கள். பால் கொடுப்பதை வண்டியிலேயே செய்யலாம், மற்றதைச் செய்ய முடியாது.

செலவு என்று பார்த்தால், சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அரசுப் பேருந்துகளில் ஐந்து வயதுக்குள் குழந்தைக்கும் இல்லை.

ரயிலில் கீழ் பெர்த் இல்லாமல் கைக்குழந்தையோடு போவது பெரும் சிரமம். கீழ் பெர்த் ஒதுக்கீடு மூத்த குடிமக்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் 45 வயதைத் தாண்டிய பெண்களுக்கும்தான், பாலூட்டும் அம்மாவுக்கு இல்லை. அதனால் இணையத்தில் முன்பதிவு செய்யும்போது, குறைந்தது ஒரு கீழ் பெர்த் கிடைத்தால் மட்டும் பதிவு செய் என்ற தெரிவை அழுத்துங்கள். கிடைக்காவிட்டால் டிக்கெட் போடாது, வேறு நாள் பார்க்கலாம். ஏசி இல்லாத பெட்டியில் பெர்த்துக்குக் குறுக்கே புடவையை மேல் கொக்கியிலிருந்து தொங்க விட்டால் இரவு முழுக்கத் திரை. தொந்தரவு என்றால் ரயில்வே உதவி எண் 139.

காரில் ஓடும்போது கொடுக்காதீர்கள். திடீர் பிரேக்கில் மடியில் இருக்கும் குழந்தையை எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. ஏர்பேக் உள்ள முன்சீட் இன்னும் ஆபத்து. பெட்ரோல் பங்க், டோல்கேட் ஓய்விடம் பார்த்து நிறுத்தி, கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். நான்கு மணி நேரப் பயணத்துக்கு ஐந்தரை மணி என்று வீட்டில் முன்பே சொல்லிவிட்டால் ஓட்டுகிறவர் அவசரப்படுத்த மாட்டார்.

விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் உறிஞ்சி விழுங்கிக்கொண்டே இருந்தால் குழந்தைக்குக் காது அடைக்காது. இறங்கும்போதுதான் வலி அதிகம், அதற்காக ஒரு வேளையை ஒதுக்கி வையுங்கள். வெளிநாட்டுப் பயணத்தில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற விதி குழந்தையின் பாலுக்குப் பொருந்தாது. சோதனைக்கு முன்பே வெளியே எடுத்துக் காட்டுங்கள்.

8. மூடுவதிலும் அளவு உண்டு

தடித்த டர்க்கி டவலைப் போட்டுக் குழந்தையை முழுதாக மூடுவது நம் வெயிலில் சரியல்ல. வேர்த்து, மூச்சு முட்டி, காலால் உதைத்துத் துணியைத் தள்ளிவிடும். எல்லோர் கண்ணும் அப்போதுதான் இந்தப் பக்கம் திரும்பும். மெல்லிய பருத்தி, மூக்கு எப்போதும் உங்கள் கண்ணில் பட வேண்டும். ஏப்ரன் போல் கழுத்தில் மாட்டும் கவர் வாங்கினால், மேல் விளிம்பில் வளைந்து நிற்கும் பட்டை உள்ளதாக வாங்குங்கள். அந்த இடைவெளி வழியாகக் குழந்தையின் முகம் தெரியும். நான்கு மாதத்துக்கு மேல் குழந்தைக்கு வேடிக்கை பார்க்கும் ஆசை வந்துவிடும், ஒவ்வொரு சத்தத்துக்கும் மார்பை விட்டுத் திரும்பும். அந்த வயதில் கவர் உங்கள் மறைப்புக்கு உதவுவதைவிட அதன் கவனத்துக்கு அதிகம் உதவும்.

வெயிலில் போய்வந்தால் "சூட்டுப் பால், பீய்ச்சிக் கீழே விட்டுட்டுக் கொடு" என்பார்கள். பால் உங்கள் உடம்பின் சூட்டில்தான் எப்போதும் இருக்கும். வீணாக்க வேண்டாம். வேர்வையை ஈரத் துணியால் துடைத்தால் போதும், சோப்புப் போட்டுக் காம்பைக் கழுவினால் வறண்டு வெடிக்கும்.

9. யாராவது ஏதாவது சொன்னால்

பொது இடத்தில் பாலூட்டக் கூடாது என்று எந்தச் சட்டமும் இந்தியாவில் இல்லை. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும், பொது இடத்திலும் பணியிடத்திலும் பாலூட்டுவதை இழிவாகப் பார்க்கக் கூடாது என்று சொல்லி, பாலூட்டும் அறைகள் அமைப்பதை உறுதிசெய்ய அறிவுறுத்தியது. கடைக்காரரோ காவலாளியோ எழுந்து போகச் சொன்னால், "குழந்தை குடிச்சு முடிச்சதும் எழுந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு அப்படியே இருங்கள். விவாதம் வேண்டாம், பதற்றம் பால் இறங்குவதைத் தாமதப்படுத்தும். "கண்ணு பட்டுடும்" என்கிற பெரியவர்களிடம், "மறைச்சுக்கறேன்மா, கொஞ்சம் இந்தப் பக்கம் உக்காருங்க" என்று அவர்களையே திரையாக்கிக்கொள்ளலாம்.

முறைத்துப் பார்ப்பது வேறு, கைபேசியில் படம் எடுப்பது வேறு. படம் எடுப்பதாகத் தெரிந்தால் சத்தமாகச் சொல்லுங்கள், சுற்றியுள்ள பெண்கள் திரும்புவார்கள். கண்டக்டரிடமோ காவலரிடமோ உடனே சொல்லுங்கள். அவசர எண் 112 அல்லது பெண்கள் உதவி எண் 181. கைபேசியைப் பிடுங்கப் போகாதீர்கள், உங்கள் கையில் குழந்தை இருக்கிறது.

10. குழந்தையை வீட்டில் விட்டுப் போக வேண்டிய நாள்

தேர்வு, நேர்காணல், மருத்துவமனை என்று தனியாகப் போக வேண்டி வந்தால், இரண்டு நாள் முன்பிருந்தே காலை வேளைப் பாலுக்குப் பிறகு கொஞ்சம் எடுத்துச் சேருங்கள். கையால் எடுக்க: காம்பிலிருந்து 3, 4 சென்டிமீட்டர் தள்ளிக் கட்டைவிரல் மேலேயும் ஆள்காட்டி விரல் கீழேயும் வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கம் அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி, விடுங்கள். தோல் மேல் விரலைத் தேய்க்கக் கூடாது. முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் வராது, விடாதீர்கள்.

எடுத்த பால் 25 டிகிரி வரை உள்ள அறையில் நான்கு மணி நேரம் தாங்கும். நம் சித்திரை வெயிலில் அந்தக் கணக்கை நம்பாமல் உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள், கதவில் வைக்காமல் உள்ளே, நான்கு நாள்வரை. உறைந்த ஐஸ் பேக் வைத்த பையில் ஒரு நாள் இருக்கும். கிண்ணத்துச் சுடுநீரில் வைத்து வெதுவெதுப்பாக்க வேண்டும். அடுப்பிலோ மைக்ரோவேவிலோ சுட வைக்கக் கூடாது. குடித்து மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், இல்லையென்றால் கொட்டிவிட வேண்டும். கொடுப்பதற்குப் புட்டி வேண்டாம், எவர்சில்வர் பாலாடை போதும். கழுவிக் கொதிக்க வைப்பது சுலபம், மார்பை மறுக்கும் பழக்கமும் வராது. பாட்டியிடம், குழந்தையை நிமிர்த்தி உட்கார்த்தி, உதட்டோரத்தில் வைத்து அது உறிஞ்சும் வேகத்துக்குச் சாய்க்கச் சொல்லுங்கள். படுக்க வைத்து ஊற்றினால் புரையேறும்.

வெளியே இருக்கும்போது மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை நீங்களும் பாலை எடுத்துவிட வேண்டும், கல் மாதிரி கட்டிக்கொள்ளும்வரை காத்திருக்காதீர்கள்.

11. வீடு திரும்பிய இரவு

அலைச்சலில் ஒன்றிரண்டு வேளை தவறியிருக்கும். இரவில் குழந்தை அடிக்கடி குடித்து ஈடு கட்டும், அதைப் பால் போதவில்லை என்று நினைத்துப் பவுடர் கலக்க வேண்டாம். 24 மணி நேரத்தில் ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போனால் போதுமான பால் கிடைக்கிறது என்று அர்த்தம். மார்பில் எங்காவது கட்டியாகத் தென்பட்டால் அந்தப் பக்கமும் வழக்கம்போல் கொடுங்கள், குடித்து முடித்ததும் குளிர்ந்த ஈரத் துணி வையுங்கள். போட்டு அழுத்திப் பிசைய வேண்டாம். சிவந்து, சூடாகி, காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் மறுநாளே மருத்துவரிடம் போங்கள். அந்தச் சமயத்திலும் பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் கட்டு இன்னும் பெரிதாகும். மாத்திரை எழுதும்போது "பால் கொடுக்கிறேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.